ஒரு சாலை, நாற்பத்தெட்டு விநாடி

குறிப்பு எண் 1
2025 பிப்ரவரி 3, திங்கட்கிழமை. மாலை 19.05 மணி.

இன்று முதல் இக்குறிப்புகளுக்கு எண்ணிட்டு எழுதுகிறேன். பின்னாளில் ஓர் அதிகாரி சான்று கேட்டால், "அன்று ஒருநாள்" என்று தலையைச் சொறியும் நிலை எனக்கு வரக்கூடாது.

எழுதுபவன்: சு. திருமேனிநாதன். வயது எழுபத்தொன்பது ஆண்டு, நான்கு மாதம். ரயில்வேயில் முப்பத்துநான்கு ஆண்டுப் பணி. அதில் இருபத்திரண்டு ஆண்டுகள் செக்ஷன் கன்ட்ரோலர். அதாவது ஒரு தடத்தில் எந்த வண்டி நிற்க வேண்டும், எந்த வண்டி போக வேண்டும் என்று அறையில் அமர்ந்து தொலைபேசியில் முடிவு செய்பவன். எந்த வண்டியையும் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை.

இடம்: நுங்கம்பாக்கம், வில்மாட் சாலை, மூன்றாம் மாடி. எங்கள் வாயிலுக்கு இருபுறமும் நானூறு மீட்டருக்குள் உண்ணவும் குடிக்கவும் பதினோர் இடங்கள் உள்ளன. நேர் எதிரே 2022 ஆகஸ்ட் முதல் மொட்டைமாடியுடன் கூடிய ஒரு மதுக்கூடம் நடக்கிறது. மாலை ஆறரைக்கு மேல் விலையுயர்ந்த கார்கள் வந்து நிற்கும். ஊழியர்கள் சாவியை வாங்கிக்கொண்டு, அந்தக் கார்களைத் தங்கள் வாழ்நாளின் ஒரே வாய்ப்பு என்பதுபோல் ஓட்டிச் செல்வார்கள். பாதசாரிகளுக்கான வெள்ளைக் கோடுகள் 2021 மழையிலேயே கரைந்துவிட்டன. மீண்டும் எவரும் போடவில்லை.

சாலையின் அகலம் பதினான்கு மீட்டர். பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலை 05.30 மணிக்கு, போக்குவரத்து இல்லாதபோது, நானே நாடா பிடித்து அளந்தேன்.

என் மனைவி கமலவேணி, வயது எழுபத்துநான்கு, ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. திங்கள் முதல் சனி வரை மாலை 18.40 மணிக்கு இச்சாலையைக் கடந்து, மதுக்கூடத்தை ஒட்டிய குடியிருப்பில் உள்ள ரஷீதா டீச்சர் வீட்டுக்குப் போகிறாள். ரஷீதா டீச்சருக்குச் சர்க்கரையால் பார்வை மங்கிவிட்டது. வேணி அவருக்கு நாளிதழையும் வார இதழ்த் தொடர்களையும் படித்துக் காட்டிவிட்டு 20.10 மணிக்குப் புறப்படுவாள். ஞாயிறுகளில் ரஷீதா டீச்சரின் மகன் வருவதால் போவதில்லை.

நான் உடன் செல்ல அனுமதி இல்லை. ஜனவரி 4 அன்று நடுச்சாலையில் அவள் முழங்கையைப் பிடித்தபடியே, தலைக்கவசம் இல்லாத ஒருவரை நிறுத்தி அறிவுரை கூறினேன். அறிவுரை ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் நீண்டது. அன்றிரவு வேணி சொன்னது: "எனக்கு வண்டியக் கண்டு பயமில்லங்க. உங்களக் கண்டுதான் பயம். நாளையிலேருந்து நான் தனியாப் போறேன். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம், அது என்னோடது."

ஆகவே பால்கனியில் நின்று நேரம் பார்க்கிறேன். எங்கள் வாயிலின் முன் தூங்குமூஞ்சி மரம் ஒன்று சாலையின் பெரும்பகுதியை மறைக்கிறது. வாயிற்படியிலிருந்து அவள் இலைகளுக்கு அடியில் மறைவதும், எதிர் நடைபாதையில் விளக்குக் கம்பத்தருகே வெளிப்படுவதும் மட்டுமே தெரியும். போகும்போதும் வரும்போதும் அவள் இறங்கும் நேரத்தையும், விநாடிக் கடிகாரத்தில் இடைப்பட்ட நேரத்தையும் எடுத்து, உடன் நடந்த நாள்கள் உட்பட, நவம்பர் 18 முதல் ஒரு தனித்தாளில் குறித்து வருகிறேன். அப்போது 17 விநாடி. இன்று 22. செருப்பு புதிது.

குறிப்பு எண் 2
பிப்ரவரி 4, செவ்வாய்க்கிழமை. பகல் 13.20 மணி.

வேணியின் மாத்திரை நேரங்கள்: 7, 11, 15, 19 மணி. கடைசி மாத்திரையை ரஷீதா டீச்சர் வீட்டில் போட்டுக்கொள்கிறாள். சென்ற நவம்பர் 15 அன்று நரம்பியல் மருத்துவர் நோய்க்கு ஒரு பெயர் சொன்னார். அதை இங்கு எழுத அவசியமில்லை.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் பிரகலாதன் 11.40க்கு வந்தார். ஐம்பது வயதுக்காரர். எதிர்ப்புற மதுக்கூடத்துக்கு வருவோர் தம் கார் நிறுத்துமிடத்தை அடைத்துவிடுகிறார்கள் என்பது அவருடைய நிரந்தர வருத்தம். கையில் ஒரு பட்டியல். எங்கள் வாயில் சிசிடிவியிலிருந்து எடுத்தது. ஜனவரி 20 முதல் பிப்ரவரி 1 வரை, மதுக்கூடத்தின் காவல் பெண் ஒருத்தி, கறுப்பு உடை, கையில் ஆரஞ்சு நிற ஒளிக்கோல், நடுச்சாலையில் இறங்கி இருபுறமும் வண்டிகளை நிறுத்தியிருக்கிறாள். மொத்தம் இருபத்துநான்கு முறை.

"எதுக்கு நிறுத்துறா?" என்று கேட்டேன்.

"எதுக்குன்னா என்ன சார்? அவங்க கஸ்டமர் குடிச்சிட்டு ஆடிக்கிட்டே ரோட்டைத் தாண்டணும்ல. கேமராவுல பாதிய மரக்கிளை மறைக்குது, நடுரோட்டுல அவ மட்டும்தான் விழுறா. மனுவை நீங்க எழுதுங்க. உங்க கையெழுத்துல போனாத்தான் மரியாதை. என் கையெழுத்தை என் சம்சாரமே மெடிக்கல் ஷாப்புல குடுத்துப் படிக்கச் சொல்றா."

உள்ளிருந்து வேணியின் குரல் வந்தது. "அந்தப் பொண்ணு யாரையாச்சும் அடிச்சுதா?"

"இல்லம்மா."

"திட்டிச்சா?"

"அதெல்லாம் இல்ல. வண்டிய நிறுத்துது."

"வண்டி நிக்க மாட்டேங்குதுன்னு தினம் பால்கனியிலேருந்து கத்துறது யாரு? நின்னா அதுக்கும் ஒரு மனுவா?"

பிரகலாதன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தனியார் ஒருவர் பொதுச்சாலையில் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவது ஒழுங்கீனம். முப்பத்துநான்கு ஆண்டுகள், உரிய அதிகாரமில்லாத கை அசைந்து ஒரு வண்டியும் நிற்க நான் விட்டதில்லை.

குறிப்பு எண் 3
பிப்ரவரி 5, புதன்கிழமை.

23 விநாடி. எதிர்க்காற்று இருந்தது.

குறிப்பு எண் 4
பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை. இரவு 20.40 மணி.

மனுவை மூன்று பக்கத்தில் செம்மையாக எழுதி, சங்கத்தின் சார்பில் முதல் கையொப்பமிட்டு, போக்குவரத்துக் காவல் ஆய்வாளர் அலுவலகத்தில் 11.15க்குக் கொடுத்து முத்திரை பெற்றேன். பட்டியலைப் படியெடுக்கையில் ஒன்றைக் கவனித்தேன்: நாளுக்கு இரண்டு நிறுத்தங்கள், 18.53 அளவில் ஒன்று, 20.23 அளவில் மற்றொன்று. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எதுவுமில்லை. குற்றம் செய்பவளும் வார விடுமுறை எடுத்துக்கொள்கிறாள் போலும். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

காலையில் சட்டை போடும்போது வேணி, "அந்த மனு வேணாமேங்க," என்றாள்.

"ஏன்?"

"சும்மா. தோணிச்சு."

கணக்கு ஆசிரியைக்குச் சும்மா எதுவும் தோன்றாது.  ஆனால் நான் மனுவை உறையிலிட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

வெள்ளிக்கிழமையாதலால் எதிரே திருவிழா. இசை என்று அவர்கள் அழைப்பது எங்கள் சமையலறைத் தம்ளர்களுள் புகுந்து அதிர்கிறது. பெண்பிள்ளைகள் ஒரு சாண் உயரக் குதிகால் செருப்புடன் நம் நடைபாதைக் கற்களின்மேல் நடப்பதைப் பார்க்கையில், அவர்களையும் யாராவது நேரம் குறிக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

வேணி: 41 விநாடி. மரத்தடியில் தெரிந்தவர் எவரையேனும் கண்டு நின்று பேசியிருப்பாள்.

குறிப்பு எண் 5
பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பகல் 12.10 மணி.

மகள் மங்கை கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். அவள் வீட்டுக்கு அருகே முதியோர் வளாகம் ஒன்றில் எங்களுக்கு ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறாள். பிப்ரவரி 28க்குள் முடிவு சொல்ல வேண்டும். உள்ளேயே மருத்துவர், உள்ளேயே கோயில், உள்ளேயே நடைபாதை.

"அம்மா ரோட்டைக் கடக்கவே வேண்டாம்ப்பா. உள்ளே வண்டியே கிடையாது."

ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த வேணி சொன்னாள்: "வண்டி இல்ல சரி. ரஷீதா இருக்காளா அங்க?"

"அம்மா, அங்க நூறு பேர் இருக்காங்க."

"நூறு பேரையும் முப்பத்தொரு வருசம் தெரியுமா எனக்கு? மங்கை, கேட்டுக்கோ. எதிர்ச்சாரிக்கு நானாப் போயிட்டு நானா வர்ற வரைக்கும் இங்கதான். அது முடியலேன்னா நீ சொல்ற பொட்டிக்குள்ள வந்து உக்காந்துக்கறேன். பேச்சு இல்ல."

மங்கை என்னிடம் தனியே கேட்டாள்: "அப்பா, அம்மா நடை எப்படியிருக்கு?"

"சீராக இருக்கிறது," என்றேன்.

குறிப்பு எண் 6
பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. இரவு 21.00 மணி.

மனுவுக்கு நான்கே நாளில் பலன். 17.30க்குக் காவல் வாகனம் வந்தது. மதுக்கூட மேலாளர் வாசலில் நின்று தலையாட்டினார். காவல் ஊழியர் எவரும் இனி சாலையில் இறங்கக் கூடாது, மீறினால் அபராதம். பிரகலாதன் ஜாங்கிரி கொண்டுவந்தார். வேணி ஒன்றைக்கூட எடுக்கவில்லை. இன்று அவளும் போகவில்லை; தலைவலி என்றாள்.

குறிப்பு எண் 7
பிப்ரவரி 12, புதன்கிழமை. இரவு 19.30 மணி.

18.40க்கு வேணி வாயிற்படியில் இறங்கினாள். மரத்தடிக்குச் செல்லவில்லை. நடைபாதை விளிம்பிலேயே நின்றாள். வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. ஒருமுறை வலக்கையை உயர்த்தினாள். கார் ஒன்று விளக்கைச் சிமிட்டிக்கொண்டு வேகம் கூட்டிற்று. 18.51க்குத் திரும்பி மேலே வந்தாள்.

"ரஷீதாவுக்கு ஜலதோஷமாம். வர வேணாம்னுட்டா," என்றாள்.

நின்ற நேரம் பதினொரு நிமிடம். தாளில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. அப்படியொரு கட்டம் நான் வரையவில்லை.

குறிப்பு எண் 8
பிப்ரவரி 13, வியாழக்கிழமை.

ஒன்பது நிமிடம் நின்றாள். திரும்பினாள். இரவுச் சாப்பாட்டில் இருவரும் கத்தரிக்காயின் விலையைப் பற்றி மிக விரிவாகப் பேசினோம்.

குறிப்பு எண் 9
பிப்ரவரி 14, வெள்ளிக்கிழமை. இரவு 20.15 மணி.

எதிரே காதலர் தினம். சிவப்பு பலூன்கள். சாலை மும்மடங்கு நெரிசல். வேணி இன்று கீழே இறங்கவே இல்லை. படித்துக் காட்டப் போகும்போது கட்டும் புடவையைக் காலையிலேயே இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். மாலையில் அதை மடித்து அலமாரியில் வைத்தாள்.

அவள் குளியலறையில் இருந்தபோது ரஷீதா டீச்சருக்குத் தொலைபேசினேன்.

"ஜலதோஷம் எப்படி இருக்கு டீச்சர்?"

"யாருக்கு? எனக்கா? நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன் அண்ணே. வேணிக்குத்தான் ஏதோ ஜுரம்னு நாலு நாளா வரலை. தொடர்ல அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சா இல்லையான்னு தெரியாம நான் இங்க தவிக்கிறேன்."

ஆகிவிட்டது என்று சொன்னேன். நான் படித்ததில்லை. ஏதோ சொல்ல வேண்டியிருந்தது.

குறிப்பு எண் 10
பிப்ரவரி 15, சனிக்கிழமை. காலை 06.50 மணி.

என் தொழிலில் ஒரு முறை உண்டு. ஒரு பெரிய தாள். இடமிருந்து வலம் நேரம். மேலிருந்து கீழ் நிலையங்கள். ஒவ்வொரு வண்டியும் அதில் ஒரு சாய்கோடு. கோடுகள் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ அங்கே ஒன்று மற்றொன்றுக்காக நின்றது என்று பொருள். ஏன் நின்றது என்று எவரையும் கேட்க வேண்டாம். தாளே சொல்லும்.

அப்படி வரைவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, எல்லா நிலையங்களின் கடிகாரங்களையும் ஒன்றாக்குவது. எங்கள் அறையில் அதைச் செய்யாமல் பென்சிலைத் தொட்டவர்களை நான் எழுந்து நிற்க வைத்திருக்கிறேன்.

இன்று 05.40க்குக் கீழே சென்று காவலாளி அறையில் சிசிடிவித் திரையில் ஓடும் நேரத்தை என் கைக்கடிகாரத்துடன் ஒப்பிட்டேன். திரை பதினொரு நிமிடம் முந்தி ஓடுகிறது.

மேலே வந்து வரைந்தேன். சிவப்புப் பென்சிலில் இருபத்துநான்கு நிறுத்தங்கள், ஒவ்வொன்றிலும் பதினொரு நிமிடத்தைக் கழித்து. நீலப் பென்சிலில், தனித்தாளில் இருந்து, வேணி.

ஜனவரி 20: சிவப்பு 18.42, நீலம் 18.42. ஜனவரி 21: 18.41, 18.41. ஜனவரி 24, நான் "செருப்பு வார் கழன்றிருக்கலாம்" என்று குறித்த நாள்: வண்டிகள் நின்றது 48 விநாடி. வேணி 44.

இருபத்துநான்கும்.

மனுவின் மூன்றாம் பக்கத்தில் "மேற்படி நபரின் செயல் எவருக்கும் பயன்படவில்லை" என்று எழுதியிருக்கிறேன். நல்ல கையெழுத்து.

குறிப்பு எண் 11
அதே நாள். மாலை 17.15 மணி.

வெள்ளைச் சட்டை அணிந்து, 15.50க்கு மதுக்கூடத்தின் பின்வாசலுக்குச் சென்றேன். ஒளிக்கோல் வைத்திருந்த காவல் பெண் எங்கே என்று முன்வாசலில் கேட்டபோது, "ஜெசிந்தா அக்காவா? அவங்கள பின்னாடி போட்டுட்டாங்க," என்றார்கள். பின்வாசலில் குப்பைத் தொட்டிகளுக்கும் காலிப் புட்டிப் பெட்டிகளுக்கும் நடுவே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தாள். வயது நாற்பது இருக்கும். என்னைவிட ஒரு தலை உயரம். தோள் அகலத்துக்கு என்னைப்போல் இருவர் வேண்டும். காசிமேட்டுக்காரி. என்னைக் கண்டதும் எழுந்தாள்.

"மூணாவது மாடி கடியாரம் சார்தானே?"

"கடியாரமா?"

"எங்க பசங்க அப்டித்தான் சொல்வாங்க. மேல நின்னு கையில பாத்துக்கினே இருப்பீங்க இல்ல. இன்னா சார், பின்கேட்லயும் எதுனா தப்பா நிக்கிறனா? மனு கினு எழுத வந்தீங்களா?"

அதற்கு நான் உரியவன். "என் மனைவிக்காக நீங்கள் வண்டிகளை நிறுத்தியது எனக்குத் தெரியாது," என்றேன்.

"தெரியக்கூடாதுன்னுதான் அம்மா சொல்லிச்சு. பொங்கல் அன்னிக்கி, சார். நடுரோட்ல அம்மா நின்னுடுச்சு. நான் கேட்ல இருந்து பாக்குறேன். கால் வரல. தாரு ஊத்தி ஒட்டுன மாதிரி நிக்கிது. ரெண்டு பக்கமும் வண்டி. முகம் அப்டியே... அத உடுங்க. நான் ஓடிப்போய்ப் புடிச்சேன். ரெண்டு கையும் வேணும்ல, அதனால கையில இருந்த லைட்டுத் தடிய கீழ போட்டேன். தடி அம்மா கால் முன்னாடி குறுக்க வுழுந்துச்சு. வுழுந்ததும் அம்மா அத அழகா தாண்டி ஒரு எட்டு வெச்சிச்சு சார்! வெறும் ரோடுன்னா கால் வரல. குறுக்க ஒரு கோடு இருந்தா வருது. ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம். அன்னிலேர்ந்து அதான். வண்டிய நிறுத்துவேன். எங்க ஒட்டிக்குதோ அங்க தடிய வெப்பேன். தாண்டிடும்."

பொங்கலன்று. ஜனவரி 14. தாளில் 48 விநாடி. அருகில் என் குறிப்பு: "பண்டிகை நெரிசல்."

"என்மேல் கோபமில்லையா?" என்று கேட்டேன்.

"இல்லாம? ஈ மொய்க்குது பாருங்க இங்க. கோவம்லாம் சாவகாசமா வெச்சிக்கலாம் சார். அம்மா ரெண்டு நாளு வாசல்ல வந்து நின்னுட்டுத் திரும்பிப் போச்சாமே? அதுக்கு இன்னா பண்ணப் போறீங்க?"

 வணங்கிவிட்டு வந்தேன்.

குறிப்பு எண் 12
பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை. காலை 09.30 மணி.

வேணி எழுவதற்கு முன், கூடத்திலிருந்து சமையலறை வரையுள்ள நடையில் கோலமாவால் குறுக்குக் கோடுகள் இட்டேன். அரை மீட்டருக்கு ஒன்று, அளவுகோல் வைத்து. மொத்தம் பதினான்கு. 06.25க்கு அவள் கதவைத் திறந்தாள். தரையைப் பார்த்தாள். பிறகு, மாவு படிந்த வேட்டியுடன் நின்ற என்னைப் பார்த்தாள்.

"கோலம்னா கொஞ்சமாச்சும் வளையணுங்க. இது என்ன, தண்டவாளமா?"

"நட," என்றேன்.

சமையலறை வரை நடந்தாள். ஒரு கோட்டிலும் நிற்கவில்லை. திரும்பியும் நடந்தாள். இரண்டாம் முறை சற்று வேகமாகவே நடந்தாள். பின் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

"ஜெசிந்தா சொல்லிட்டாளா?"

"தாள் சொல்லிற்று. அவள் விளக்கினாள்."

"நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். பாவம், அவ வேலைக்கே உலை வெச்சுட்டோம். ஆனா நடுரோட்ல கால் நின்னுடுதுன்னு சொன்னா நீங்க கதவைப் பூட்டிச் சாவியப் பூணூல்ல கட்டிக்குவீங்க."

"எனக்குப் பூணூல் இல்லை."

"அதுக்காக ஒண்ணு வாங்கிப் போட்டுக்குவீங்க."

பிறகு அவள் கேட்டாள்: "தினம் எத்தனை விநாடி எடுக்கிறேன்?"

"சீராக..." என்று தொடங்கினேன்.

"பொய் சொல்லும்போது உங்களுக்குத் தமிழ் ரொம்பச் சுத்தமாயிடுது. நவம்பர்ல எவ்வளவு, இப்ப எவ்வளவு?"

சொன்னேன். பதினேழு. இருபத்துமூன்று. நின்றுவிடும் நாள்களில் நாற்பத்தெட்டு வரை. கணக்கு ஆசிரியை தலையசைத்தாள். "சரிவு அதிகமில்ல. இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்," என்று, வேறு யாருடைய விடைத்தாளையோ திருத்துவதுபோல் சொன்னாள். பிறகு என் முழங்காலில் இருந்த மாவைத் தட்டிவிட்டாள்.

குறிப்பு எண் 13
பிப்ரவரி 17, திங்கட்கிழமை. பகல் 13.05 மணி.

மனுவைத் திரும்பப் பெற ஆய்வாளரிடம் சென்றேன். காத்திருந்தது ஒரு மணி பத்து நிமிடம். பெண் அதிகாரி, பொறுமையானவர். சாய்கோட்டுத் தாளை மேசையில் விரித்து, பிரகலாதன் கொண்டுவந்த இனிப்பு வரை விளக்கினேன்.

"அப்ப, உங்க வீட்டம்மாவுக்காக வண்டிய நிறுத்துன பொண்ணுமேல நீங்களே கம்ப்ளைன்ட் குடுத்து, நாங்களும் ஆக்ஷன் எடுத்து, ஸ்வீட் வேற சாப்பிட்டிருக்கீங்க."

"ஜாங்கிரி. நான் ஒன்று சாப்பிட்டேன்," என்றேன்.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ஐயா, ஆர்டர் போட்டது போட்டதுதான். தனியார் செக்யூரிட்டி ரோட்ல இறங்கி டிராஃபிக்கை நிறுத்தறதை நான் அனுமதிக்க முடியாது. நாளைக்கு அவங்கள வண்டி அடிச்சா யாரு பதில் சொல்றது? அந்தப் பொண்ணை முன்வாசலுக்கே மாத்தச் சொல்லி மேனேஜர்கிட்ட பேசறேன். ரோட்டுக்கு வழி ஒண்ணுதான். கோடு, சிக்னல். புதுசா ஒரு மனு எழுதுங்க. இந்தப் படத்தோட. உதவி ஆணையருக்கு நானே பரிந்துரை போட்டு அனுப்பறேன்."

"அதுவரை?"

"அதுவரைக்கும்... பெரியவர் ஒருத்தர் தன் சம்சாரத்தோட ரோட்டைக் கடக்கறதை எந்த ஆர்டரும் தடுக்காது. ஆனா யாருக்கும் நடுரோட்ல அட்வைஸ் பண்ணாதீங்க."

இச்செய்தி அவரை எப்படி எட்டிற்று என்று தெரியவில்லை. ஊரே அறிந்திருக்கிறது போலும்.

குறிப்பு எண் 14
பிப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை. இரவு 21.10 மணி.

18.35க்கு ஜெசிந்தா முன்வாசலில் நின்றாள். தன் பக்கத்து நடைபாதையின் விளிம்பு வரை வந்து, அதற்கு மேல் ஓர் அங்குலமும் வராமல், ஒளிக்கோலை ஒரு வண்டிச் சாவி ஊழியரிடம் கொடுத்து எங்களிடம் அனுப்பினாள். அங்கிருந்தே கத்தினாள்: "சார்! கைய ஒசத்திப் புடிங்க! கெஞ்சுற மாதிரி காட்டாதீங்க, நிறுத்துற மாதிரி காட்டுங்க!"

வேணி என்னைப் பார்த்தாள். "வாயத் திறக்க மாட்டீங்களே?"

"மாட்டேன்."

இறங்கினோம். அன்று அறிவுரை மும்முரத்தில் கவனிக்காத மரத்தடியை இன்று உள்ளிருந்து பார்த்தேன். மேலிருந்து அது நிழல். உள்ளே அது முழுக்க முகப்பு விளக்குகள். கோலை உயர்த்தினேன். ஒரு கார் நின்றது. அடுத்தது நின்றது. ஐந்து மீட்டரில் வேணியின் விரல்கள் என் கையில் இறுகின. அவளுடைய வலக்கால் அசையவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கீழே பார்த்தாள்.

குனிந்தேன். எழுபத்தொன்பது ஆண்டு நான்கு மாத முழங்கால்கள் இரண்டும் தங்கள் கருத்தைத் தெரிவித்தன. கோலை அவள் காலுக்கு முன் குறுக்காக வைத்தேன். கை கீழே போனதும், நின்றிருந்தவர்கள் ஒலிப்பான்களைத் தொடங்கினார்கள். ஒரு மோட்டார் சைக்கிள் பக்கவாட்டில் நுழைந்தது.

அப்போது மதுக்கூடத்துக்கு வந்த கார் ஒன்றின் கதவு திறந்து, மீன்செதிள்போல் மின்னும் உடையணிந்த இளம்பெண் ஒருத்தி இறங்கினாள். அந்த ஒரு சாண் குதிகாலுடனேயே நடுச்சாலைக்கு வந்து, இரு கைகளையும் அகல விரித்து, மோட்டார் சைக்கிள் முன் நின்றாள். "ப்ரோ, கண்ணு தெரியல? பாட்டி நடக்கிறாங்க இல்ல?" அவளுடன் வந்த இருவர் மறுபக்கத்தில் நின்றார்கள். நான் இரண்டரை ஆண்டுகளாகக் கூச்சல் கூட்டம் என்று எழுதிவந்த கூட்டம் இது.

வேணி கோலைத் தாண்டினாள். நான் அதை எடுத்து மீண்டும் வைத்தேன். தாண்டினாள். மூன்றாம் முறை தேவைப்படவில்லை.

எதிர்க்கரையில் ஜெசிந்தா அவளை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். "அம்மா, சார் பாஸு. ஆனா குனியறதுக்கு இன்னும் ட்ரைனிங் வேணும்."

மின்னும் உடைப் பெண்ணுக்கு நன்றி சொல்லத் திரும்பினேன். அந்தச் செருப்பின் உயரம் பாதுகாப்பானதன்று என்று சொல்ல நா வரை வந்தது. வேணி என் சட்டையை இழுத்தாள். நன்றி மட்டும் சொன்னேன்.

நேரம் எடுக்க மறந்துவிட்டேன். நவம்பர் 18க்குப் பிறகு இதுவே முதல்முறை.

ரஷீதா டீச்சர் வீட்டில் எனக்கும் தேநீர் கிடைத்தது. தொடரில் அந்தப் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பது தெரியவந்து, என் நம்பகத்தன்மை விவாதிக்கப்பட்டது.

குறிப்பு எண் 15
பிப்ரவரி 20, வியாழக்கிழமை.

மங்கையிடம் எல்லா எண்களையும் உள்ளபடி சொன்னேன். ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டாள். பிறகு, "அந்த ஜெசிந்தா நம்பர் குடுங்கப்பா," என்றாள். வீட்டுக்கு முன்பதிவு வேண்டாம் என்று அவளே வளாகத்துக்குச் சொல்லிவிட்டாள். இப்போதைக்கு.

குறிப்பு எண் 16
பிப்ரவரி 24, திங்கட்கிழமை. காலை 10.00 மணி.

இன்று அனுப்பும் கடிதத்தின் படி:

பெறுநர்: போக்குவரத்துக் காவல் உதவி ஆணையர் அவர்கள்.
பொருள்: வில்மாட் சாலையில் பாதசாரிக் கோடுகளும் பொத்தான் அழுத்தினால் எரியும் நடைச் சைகை விளக்கும் வேண்டுதல்.

ஐயா,

7.2.2025 நாளிட்ட மனுவில் முதல் கையொப்பம் என்னுடையது. அதில் கண்ட நேரங்கள் அனைத்தும் பதினொரு நிமிடம் பிழையானவை. முடிவுகள் அதைவிடப் பிழையானவை. கடிகாரங்களைச் சரிபாராமல் கையெழுத்திட்டது என் குற்றம். திருமதி ஜெசிந்தா குற்றமற்றவர் மட்டுமல்லர். இச்சாலையில் எவரும் செய்யாத வேலையை ஊதியமின்றிச் செய்தவர்.

என் மனைவிக்குப் பார்க்கின்சன் நோய். இச்சொல்லை நான் எழுதுவது இதுவே முதல்முறை. வெற்றுத் தரையில் அவருக்குச் சில நேரம் கால் எழுவதில்லை. குறுக்கே கோடுகள் இருந்தால் எழுகிறது. ஆகவே கோடுகள் தங்கள் துறைக்கு வர்ணமாக இருக்கலாம். எங்களுக்கு அவை படிகள். அவற்றின் இடைவெளி அரை மீட்டருக்கு மேற்படாதிருக்க வேண்டுகிறேன்.

பதினான்கு மீட்டருக்குப் பன்னிரண்டு விநாடி போதும் என்பது பொதுக் கணக்கு. என் மனைவிக்கு இன்று தேவைப்படுவது நாற்பத்தெட்டு. நான் கேட்பது அறுபது. கூடுதலான பன்னிரண்டு விநாடியும் அடுத்த ஆண்டுக்கு.

எதிர்ப்புற மதுக்கூடம் குறித்து இப்போது எனக்குப் புகார் இல்லை. ஒலி அளவு குறித்து உண்டு. அது தனிக் கடிதம்.

தங்கள் உண்மையுள்ள,
சு. திருமேனிநாதன்

இணைப்புகள்:
1. முந்தைய மனுவின் படி, என் கையொப்பம் என்னாலேயே அடிக்கப்பட்டது: 3 பக்கம்.
2. நிறுத்தங்களும் நடையும் காட்டும் சாய்கோட்டுப் படம், கடிகாரப் பிழை நீக்கியது: 1 தாள்.
3. என் மனைவி சாலை கடந்த நேரங்கள், 18.11.2024 முதல். இதுவரை எவருக்கும் காட்டாதது. செருப்பு, காற்று, பண்டிகை எனக் குறித்த காரணங்கள் அனைத்தும் நீக்கப்பட்டன: 2 தாள்.
4. நரம்பியல் மருத்துவர் சான்று: 1.
5. திருமதி ரஷீதாவின் வாக்குமூலம், அவர் சொல்ல என் மனைவி எழுதியது. பாதி தொடர்கதையைப் பற்றியது. பொறுத்தருள்க: 1 பக்கம்.
6. ஆரஞ்சு நிற ஒளிக்கோல் ஒன்று: இணைக்கப்படவில்லை. கோடுகள் இடப்படும் வரை நாள்தோறும் 18.40 மணிக்குத் தேவைப்படுகிறது.